மடக்குக் கத்தியின் முத்திரை

கருவிகளுள் மிகச் சிறியது மடக்குக் கத்தி. ஒட்டுக் கட்டும் தோட்டக்காரர் மடியிலும், நூல் சிப்பத்தின் கட்டை அறுக்கும் நெசவாளர் பையிலும் அது கிடக்கும். அலகு தேய்ந்து, ஆணி தளர்ந்து போனால், பழைய இரும்போடு இரும்பாக அதனை எடைக்குப் போட்டுவிடுகிறோம். எனினும் உலகில் ஒரு சாரார் நூறும் நூற்றைம்பதும் ஆண்டுகள் கழிந்த மடக்குக் கத்திகளைத் தேடித் திரிகின்றனர். பழம்பொருள் சந்தைகளிலும் ஏலங்களிலும் அவற்றை விலை கொடுத்து வாங்கி, எண்ணெயிட்டுத் துடைத்து, பட்டியல் எழுதி வைத்துப் போற்றுகின்றனர்.

இப்பொழுதுபோக்கைப் பற்றிக் கூட்டுறவுச் சங்க ஏட்டில் எழுதுவானேன் என்று அங்கத்தினர்கள் வினவலாம். காரணம் உண்டு. சேகரிப்பவர் கத்தியைக் கையில் எடுத்தவுடன் பார்ப்பது அலகின் அடியில் பொறித்த முத்திரையை. அம்முத்திரையில் இருப்பது பெரும்பாலும் ஒரு முதலாளியின் பெயர். ஆனால் அவர் மெச்சி விலை கொடுப்பதோ பெயர் தெரியாத ஒரு தொழிலாளியின் கைவேலைக்கு. பொருளைச் செய்தவர் ஒருவர், பெயரும் பயனும் பெற்றவர் மற்றொருவர் என்ற இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று என்பதைக் கைத்தொழிலால் வாழும் நாம் அறிந்துகொள்வது நன்று.

ஷெபீல்டு நகரம்

மடக்குக் கத்திக்குப் பெயர்போன ஊர்கள் பல. ஜெர்மனியில் சோலிங்கன், பிரான்சில் தியேர் என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஆயினும் சேகரிப்பாளர்கள் பெரிதும் போற்றும் ஊர்களுள் ஒன்று இங்கிலாந்தின் ஷெபீல்டு. மலைச் சரிவிலிருந்து விரைந்திறங்கும் சிற்றாறுகள் சாணைச் சக்கரங்களைச் சுழற்றின. சாணைக்கேற்ற கரடுமுரடான மணற்கல்லும், உலைக்கு வேண்டிய நிலக்கரியும் அருகிலேயே கிடைத்தன. 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் தம் கதைப்பாட்டு ஒன்றில் ஷெபீல்டுக் கத்தியைக் குறிப்பிடும் அளவுக்கு அவ்வூரின் தொழில் பழைமை வாய்ந்தது.

1624-ஆம் ஆண்டில் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் அங்கே கத்தி செய்வோரின் சபை ஒன்று நிறுவப்பட்டது. ஹாலம்ஷயர் கத்தித் தொழிலாளர் சபை என்பது அதன் பெயர். தொழில் பயிலும் மாணாக்கன் ஏழாண்டுகள் ஓர் ஆசானிடம் இருந்தாக வேண்டும். பயிற்சி முடிந்து உறுப்பினராகச் சேர்க்கப்பட்டவருக்குச் சபை ஒரு முத்திரை வழங்கும். ஒருவர் முத்திரையை மற்றொருவர் பொறித்தல் குற்றம். கைவேலைக்குப் பொறுப்பேற்பவர் இன்னார் என்று காட்டுவதே முத்திரையின் நோக்கமாயிருந்தது. அந்தச் சபை இன்றும் இருந்து வருகிறது.

ஆனால் முத்திரையும் ஒரு சொத்து. சொத்தென்று ஆனபின் அது கைமாறுவதும் இயல்பே. ‘ஐ’, ‘எக்ஸ்’, ‘எல்’ என்னும் மூன்று எழுத்துகளைக் கொண்டு, ‘நான் விஞ்சி நிற்கிறேன்’ என்று பொருள்படும் ஒரு முத்திரை 1787-இல் வேறொரு கத்திக்காரருக்கு வழங்கப்பட்டது. பின்னர் அது வோஸ்டன்ஹோம் குடும்பத்தாரின் கைக்கு வந்தது. அமெரிக்கச் சந்தையைக் குறியாகக் கொண்டு வளர்ந்த அக்குடும்பத்தார் தம் தொழிற்சாலைக்கே வாஷிங்டன் பெயரைச் சூட்டினர். விண்மீனும் மால்டாச் சிலுவையும் பொறித்த ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் முத்திரையும் இதற்கு இணையான புகழ் பெற்றது. அந்நிறுவனம் தன் திறத்தைக் காட்ட, 1822-இல் ஆண்டின் எண்ணிக்கைக்கு ஏற்ப 1,822 அலகுகள் கொண்ட கத்தி ஒன்றைச் செய்தது. 1851-இல் லண்டனில் நடைபெற்ற பெருங் கண்காட்சிக்கென 75 அலகுகள் கொண்ட மற்றொன்றையும் செய்தது. முன்பு போட்டியிட்ட இவ்விரு பெயர்களும் 1971-இல் ஒரே நிறுவனத்தின்கீழ் வந்து சேர்ந்தன.

ஒரு கத்தியில் எத்தனை கைகள்

மடக்குக் கத்தியின் அமைப்பு எளியது. அலகு ஒன்று, அதன் முதுகை அழுத்தி நிற்கும் வில்தகடு ஒன்று, இரு புறமும் பித்தளைத் தகடுகள், அவற்றின்மேல் கொம்பாலோ எலும்பாலோ தந்தத்தாலோ ஆன பிடி, முனைகளில் ஜெர்மன் வெள்ளியாலான பூண், இவை யாவற்றையும் பிணைக்கும் சிறு ஆணிகள். பூட்டு என்று தனியே எதுவும் இல்லை. அலகைத் திறந்து நிறுத்துவதும் மூடி அமர்த்துவதும் வில்தகட்டின் விசையே. ஒரு மயிரிழை கூடினால் நகம் முறியும். குறைந்தால் அலகு ஆடும். திறக்கும்போதும் மூடும்போதும் ‘டக்’கென்று எழும் ஓசையைக் கொண்டே தேர்ந்தவர் கத்தியின் தரத்தைச் சொல்லிவிடுவர்.

உலையில் அலகை அடிப்பவர் ஒருவர். சாணை பிடிப்பவர் மற்றொருவர். பாகங்களைப் பொருத்திப் பிடி போடுபவர் மூன்றாமவர். சொந்தமாகவோ ஓரிரு துணைவருடனோ சிறு பட்டறை வைத்து இவ்வேலைகளைச் செய்தோரை ஷெபீல்டுப் பேச்சில் ‘லிட்டில் மெஸ்டர்’ என்பர். நம் வழக்கில் சின்ன மேஸ்திரி எனலாம். பெரிய நிறுவனங்களின் முத்திரை தாங்கிய கத்திகளிலும் பல இச்சின்ன மேஸ்திரிகளின் பட்டறையில் உருவானவையே. வணிகர் உருக்கும் பிடிப்பொருளும் கொடுப்பர். மேஸ்திரி டஜன் கணக்கில் வேலை முடித்துக் கொடுத்துக் கூலி பெறுவர். மாஸ்டர் வீவரிடம் பாவும் ஊடையும் வாங்கிக் கூலிக்கு நெய்தவர்களுக்கு இம்முறை புதிதன்று.

‘பேனாக்கத்தி’ என்று நாம் வழங்கும் சொல்லுக்கும் இங்கே விளக்கம் கிடைக்கிறது. பறவையின் இறகே பேனாவாக இருந்த நாளில், அதன் முனையைச் சீவுவதற்கென்று செய்யப்பட்ட சிறு அலகுக் கத்தியே பேனாக்கத்தி. இரும்பு நிப்பு வந்தபின் இறகு மறைந்தது. கத்தியும் அதன் பெயரும் நிலைத்தன.

உழவர்க்கும் தோட்டக்காரர்க்கும் உரிய வகைகள் தனியே உண்டு. கவாத்துக்கென்று நுனி வளைந்த அலகு. மொட்டு ஒட்டுக்கென்று, பட்டையை நெகிழ்த்தும் எலும்பு நாக்கு பிடியின் முனையில் பொருத்திய கத்தி. ஆட்டின் குளம்பைச் சீவ நேரான அலகு. குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லைக் கிளற வளைந்த கொக்கி எனத் தொழிலுக்கேற்ப உருவம் மாறுகிறது. ஷெபீல்டில் சேனர் என்ற பெயர் பொறித்து வந்த கவாத்துக் கத்திகளைத் தோட்டக்கலை விரும்புவோர் இன்றும் நாடுகின்றனர்.

நம் நாட்டின் பங்கு

இச்சிறு கத்தியில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. ‘ஊட்ஸ்’ என்று ஆங்கிலேயர் வழங்கிய இந்திய உருக்கினை 1795-இல் ஜார்ஜ் பியர்சன் என்பவர் ஆராய்ந்து லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். அவருக்காக அவ்வுருக்கை அடித்துப் பேனாக்கத்தி ஒன்றைச் செய்து பார்த்தவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரர். அதன் தரத்தை உணர்ந்த அவர், பின்னர் மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து உருக்குக் கலவை பற்றிய ஆராய்ச்சியிலும் ஈடுபட்டார்.

சென்னை மாகாணத்தில் அலுவல் பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், சேலம் வட்டாரத்து இரும்புத் தாதுவை நம்பி 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலத்தில் மக்கள் மூசையில் உருக்கு வடிக்கும் முறையையும் ஆராய்ந்து எழுதினார். தாயகம் திரும்பி, மாங்கனீசைச் சேர்த்து மலிவான இரும்பிலிருந்தும் நல்ல உருக்கு வடிக்கலாம் என்று கண்டு, 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெபீல்டு உருக்காலையினர் அம்முறையைச் சிறிது மாற்றிக் கையாண்டு, அவருக்குச் சேரவேண்டிய உரிமைத்தொகையைக் கொடாது தப்பினர். வழக்குமேல் வழக்காடிய ஹீத் 1851-இல் மாண்டார். 1855-இல் பிரபுக்கள் சபையின் தீர்ப்பும் அவர் தரப்புக்கு எதிராகவே முடிந்தது. ஷெபீல்டின் கத்தி உருக்கு விலை குறைந்ததற்கு வழி கண்டவர் அதன் பயனைக் காணவில்லை.

பிடிப்பொருளிலும் நம் காடுகள் உண்டு. ஷெபீல்டுக் கத்திகளின் மான்கொம்புப் பிடிகளுக்கு இந்தியக் கடமானின் கொம்பைப் பெரிதும் நாடினர். உதிர்ந்த அக்கொம்பின் புறம் கரடாயிருப்பதால் ஈரக் கையிலும் கத்தி வழுக்காது. இன்று இந்தியச் சட்டம் அவ்வணிகத்தை அனுமதிப்பதில்லை. பிரிட்டனில் தந்த வணிகமும் 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தால், சில விலக்குகள் தவிர, தடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே பழைய தந்தப் பிடிக் கத்தியை வாங்கவோ விற்கவோ எண்ணுவோர் சட்டத்தை அறிந்தே செய்யவேண்டும்.

டஜனுக்குப் பதின்மூன்று

இனி, இக்கத்திகளைச் செய்தோரின் வாழ்வைப் பார்ப்போம். 1787-இல் சபையின் தலைவராயிருந்த ஜோனதன் வாட்கின்சன் என்ற முதலாளி, ஒரு டஜன் கூலிக்குப் பதின்மூன்று கத்திகள் கொடுக்கவேண்டும் என்று தொழிலாளரை நெருக்கியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. ஜோசப் மாதர் என்ற தொழிலாளிக் கவிஞர் அவரை ஏசிப் பாடிய பாட்டு ஊரெங்கும் பரவியது. பன்னிரண்டுக்கு அளந்த கூலியில் பதின்மூன்றாவதை இனாமாகக் கேட்பதன் கொடுமையை, கூலிக்கு உழைத்த எவரும் எளிதில் உணர்வர்.

தொழிலாளி தன் பட்டறை மேசைக்கு வாடகை செலுத்தினான். சாணைக்காரன் சக்கரம் சுழலும் விசைக்கும் வாடகை செலுத்தினான். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாடகை நிற்பதில்லை. சாணைக்கல்லின் தூசி நெஞ்சில் படிந்து, சாணைக்காரர் பலர் இளமையிலேயே மூச்சடைத்து மடிந்தனர். நீரின்றி உலர்ந்த கல்லில் முள்கரண்டி தீட்டியோர் நிலை எல்லாவற்றினும் கொடியது. இன்று கண்ணாடிப் பேழையில் மின்னும் கத்திகளைப் பார்ப்போர் இதனையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இந்நிலையிலிருந்து விடுபட ஒரு வழி கூட்டுறவு என்பதைச் சிலர் கண்டனர். ஷெபீல்டிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய கத்தித் தொழிலாளர்கள், நியூயார்க் மாநிலத்தில் வால்டன், எல்லன்வில் முதலிய சிற்றூர்களில் தொழிலை வேரூன்றச் செய்தனர். எல்லன்வில்லில் 1871-இல் அவர்கள் தாமே பங்கு சேர்த்துக் கூட்டுறவுக் கத்திக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினர். தம் அலகுகளில் ‘கூட்டுறவு’ என்ற சொல்லையே முத்திரையாகப் பொறித்தனர். 1873-இல் அமெரிக்காவில் கடும் பொருளாதார மந்தம் தொடங்கிற்று. 1876-இல் நிறுவனம் டுவைட் டிவைன் என்ற தனி முதலாளியின் கைக்குப் போய், ‘அல்ஸ்டர்’ என்ற வேறு முத்திரையுடன் நடைபெறலாயிற்று. பின்னும் பல கைகள் மாறி, அவ்வூரின் கத்தித் தொழிற்சாலை 2004-இல் மூடப்பட்டது.

ஐந்தே ஆண்டுகள் பொறிக்கப்பட்ட முத்திரையாதலின், அக்கூட்டுறவுக் கத்திகள் இன்று மிக அரியவை. அரிதாயிருப்பதால் சேகரிப்பாளர் அவற்றை விரும்புகின்றனர். கூட்டுறவாளராகிய நமக்கோ அந்த அருமை மகிழ்ச்சி தருவதாயில்லை. கூட்டுறவின் முத்திரை சந்தையில் மலிந்து கிடக்க வேண்டும். பழம்பொருளாய்ப் போற்றப்படுவது அதற்குப் பெருமையாகாது.

முத்திரையைப் படிக்கும் வகை

பழைய கத்தியின் காலத்தைக் கணிப்பதற்குச் சில எளிய அடையாளங்கள் உள்ளன.

அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று விதித்தது. எனவே ‘இங்கிலாந்து’ என்ற சொல் பொறித்த கத்தி பெரும்பாலும் 1891-க்குப் பிற்பட்டது. மகுடத்தின் இரு புறமும் ‘வி’, ‘ஆர்’ என்ற எழுத்துகள் இருப்பின் அது 1837 முதல் 1901 வரை ஆண்ட விக்டோரியா அரசியாரின் காலத்தது. ‘ஜி’, ‘ஆர்’ என்றிருந்தால் அவசரப்படலாகாது. அது 1830-இல் மறைந்த நான்காம் ஜார்ஜையும் குறிக்கலாம், 1910-இல் அரியணை ஏறிய ஐந்தாம் ஜார்ஜையும் குறிக்கலாம். உடன் ‘இங்கிலாந்து’ என்ற சொல் உண்டா என்று பார்த்தால் ஐயம் தீரும். துருப்பிடியா உருக்கு ஷெபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவரால் 1913-இல் உருவாக்கப்பட்டது. ஆதலால் அதனைக் குறிக்கும் சொல் பொறித்த அலகு அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது.

போலிகளும் உண்டு. போலி முத்திரையின் தொல்லை பழங்காலத்திலேயே மிகுந்து, 1887-இல் பிரிட்டன் வணிக முத்திரைச் சட்டம் இயற்ற நேர்ந்தது. சோலிங்கன் நகரின் பெயரைக் காக்க ஜெர்மனி 1938-இல் தனி ஆணை பிறப்பித்தது. இன்று நடைபெறும் மோசடி வேறு வகை: ஒரு கத்தியின் அலகை மற்றொன்றின் பிடியில் பொருத்திப் பழைமையென்று விற்பது. அலகு மூடும்போது நடுவே அமர்கிறதா, ஆணிகள் ஒரே நிறத்தனவா, வில்தகடும் அலகும் ஒரே அளவில் தேய்ந்துள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். சாணை பிடித்துப் பிடித்து அலகு மெலிந்திருப்பின் மதிப்புக் குறையும். எனினும் உழைத்த கத்திக்கு அது இயல்பே.

காப்பாற்றும் முறையும் எளியதே. அலகில் படர்ந்த கருமை கேடு செய்யாது. அதனைத் தேய்த்துப் பளபளப்பாக்குவோர் முத்திரையையும் சேர்த்து அழித்துவிடுகின்றனர். செந்துரு மட்டும் அகற்றத்தக்கது. ஆணியில் ஒரு துளி எண்ணெய் போதும். தோலுறையில் நெடுநாள் வைத்தால் ஈரம் கோத்துத் துரு ஏறும். செல்லுலாய்டுப் பிடி உள்ளவற்றைத் தனியே வைக்கவேண்டும். அது சிதையும்போது எழும் ஆவி அருகிலுள்ள கத்திகளையும் அரித்துவிடும்.

சேர்த்தவரும் செய்தவரும்

ஷெபீல்டில் கருவிக் கடை நடத்திய கென் ஹாலி (1927–2014) என்பவர் ஒரு சிறந்த சேகரிப்பாளர். முடிந்த பொருளோடு அவர் நிற்கவில்லை. அரைகுறையாய் நின்ற அலகுகள், தொழிலாளியின் சுத்தி, அரம், விலைப்பட்டியல் என்று பட்டறைகள் மூடப்படும்போதெல்லாம் போய்த் திரட்டினார். அத்திரட்டு இன்று அந்நகரின் கெல்ஹாம் தீவு அருங்காட்சியகத்தில் உள்ளது. கத்தியைப் பார்ப்பவர் அதைச் செய்த விதத்தையும் அங்கே காணலாம்.

1926-இல் பிறந்த ஸ்டான் ஷா என்பவர் சிறுவயதில் இபர்சன் நிறுவனத்தில் தொழில் பயின்று, பின்னர்த் தனிப் பட்டறை வைத்து, எல்லா வேலைகளையும் தம் கையாலேயே செய்து வந்தார். அவர் கத்திக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர் உண்டு. அவர் பொறித்தது தம் சொந்தப் பெயர். 2021-இல் அவர் மறைந்தார். பிரிட்டனில் அருகிவரும் கைத்தொழில்களின் பட்டியல் 2017-இல் முதன்முதலாக வெளியானபோது, மடக்குக் கத்தி செய்தலும் அதில் இடம்பெற்றது. ஒரு காலத்தில் ஒரு நகரத்தையே வாழ்வித்த தொழில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரிடம் வந்து நின்றது. சேகரிப்பவர் மிகுந்து செய்பவர் குறைவது எந்தக் கைத்தொழிலுக்கும் நற்குறியாகாது.

நாம் செய்யத்தக்கது

நெசவாளரின் முத்திரை நெசவாளரிடமே இருக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு 1935-இல் தோன்றியதே நாம் கோ-ஆப்டெக்ஸ் என்றழைக்கும் தலைமைச் சங்கம். 2010-களில் அது பட்டுச் சேலைகளோடு நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையை இணைத்து விற்றது. ஷெபீல்டுத் தொழிலாளிக்குக் கிட்டாத மதிப்பு அது.

ஒவ்வொரு சங்கமும் தன்னளவில் மூன்று காரியங்களைச் செய்யலாம். ஆண்டுதோறும் நெய்த சிறந்த துணியில் ஒரு துண்டை, நெய்தவர் பெயர், நூலின் நம்பர், சாயத்தின் விவரம் ஆகியவற்றோடு சங்கத்திலேயே பாதுகாத்து வைத்தல் ஒன்று. பழைய அச்சு, விழுது, ஒட்டுக்கத்தி போன்ற கருவிகளை எடைக்குப் போடாமல், அவற்றைக் கையாளும் முறையை முதியோரிடம் கேட்டு எழுதி வைத்தல் மற்றொன்று. மூன்றாவதே முக்கியமானது: சங்கத்தின் முத்திரையைத் தகுதியற்ற சரக்கின்மேல் ஒருபோதும் குத்தாதிருத்தலும், அம்முத்திரையை வெளியார் எவருக்கும் விட்டுக்கொடாதிருத்தலும்.

எல்லன்வில் தொழிலாளரிடம் ஏழாண்டுப் பயிற்சி பெற்ற கைத்திறன் இருந்தது. கூட்டுறவு என்ற நல்ல பெயரும் இருந்தது. ஆயினும் முத்திரை ஐந்தாண்டில் அவர்கள் கையை விட்டுப் போயிற்று. கைத்திறனும் நல்ல பெயரும் மட்டும் ஒரு சங்கத்தைக் காப்பாற்றிவிடா. தவறாத சந்தாவும், ஒழுங்கான கணக்கும், மந்த காலத்துக்கென்று ஒதுக்கிய நிதியும், சரக்கை விற்கும் வழியும் அங்கத்தினர் கையிலேயே இருத்தல் வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் சேமநிதி பற்றிய தீர்மானம் வரும்போது அங்கத்தினர்கள் இதனை நினைவிற் கொள்வார்களாக.